நரேந்திரர் சேர்ந்த கொத்தனார் சங்கம்

1884ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, கல்கத்தா நகரில் 21 வயது இளைஞர் ஒருவர் ஒரு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். சங்கத்தின் பெயர் ஆங்கர் அண்டு ஹோப் லாட்ஜ். நங்கூரமும் நம்பிக்கையும் என்று பொருள். இளைஞரின் பெயர் நரேந்திரநாத் தத்தா. பின்னாளில் உலகம் அவரைச் சுவாமி விவேகானந்தர் என்று அறிந்தது.

விவேகானந்தரை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் அவரைப் பற்றி ஒரு பேச்சுப் போட்டியாவது கேட்டிருப்போம். காவித் தலைப்பாகை, கட்டிய கைகள், சிகாகோ மேடை. இந்த மூன்றும் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர் பிரீமேசன் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் காலனித்துவ ஆட்சிக் காலச் சங்கங்களைப் பற்றி ஓர் இடுபணி செய்தபோதுதான் நானும் இதைப் படித்தேன். அதன் பிறகு அவருடைய வாழ்க்கையை நான் வேறு ஒரு கோணத்தில் பார்க்கத் தொடங்கினேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேய் வீடா, கொத்தனார் சங்கமா?

லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். பிரீமேசன் உறுப்பினர்கள் கூடும் கிளைச் சங்கத்துக்கு லாட்ஜ் என்று பெயர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கல் கொத்தனார்கள், வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு கொட்டகை போட்டுத் தங்குவார்கள். தொழில் இரகசியங்களை அங்கேதான் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தக் கொட்டகையின் பெயர்தான் லாட்ஜ். பிற்காலத்தில் கல் உடைக்காத கனவான்களும் அந்தச் சங்கங்களில் சேர்ந்தார்கள். 1717ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த நான்கு கிளைகள் ஒன்றுகூடித் தலைமைச் சங்கம் ஒன்றை அமைத்தன. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல்கள் போன இடமெல்லாம் இந்தச் சங்கமும் போனது.

மலாயாவுக்கும் வந்தது. 1809ஆம் ஆண்டிலேயே பினாங்கில் நெப்டியூன் லாட்ஜ் தொடங்கப்பட்டது. நம் பேரா மாநிலத்தில், விக்டோரியா அரசியின் பொன்விழாக் காலத்தில் பேரா ஜூபிலி லாட்ஜ் தோன்றியது. கோலாலம்பூரில் 1889இல் ரீட் லாட்ஜ் உருவானது. ஈப்போவிலும் பிரீமேசன்கள் உண்டு. சன்னல்களை மூடிக்கொண்டு இரவில் கூட்டம் நடத்துவதால், மலாயாவின் சில ஊர்களில் மக்கள் அந்த மண்டபத்தை ரூமா ஹந்து, அதாவது பேய் வீடு என்று அழைத்தார்கள்.

உள்ளே பேய் எதுவும் இல்லை. கொத்தனாரின் கருவிகள்தான் அங்கே பாடப்புத்தகம். மூலைமட்டம் நடத்தையில் நேர்மையைக் குறிக்கும். கவராயம் ஆசைகளுக்கு எல்லை போடுவதைக் குறிக்கும். மட்டப்பலகை, பிறப்பாலும் பதவியாலும் யாரும் உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ இல்லை என்பதை நினைவூட்டும். தொழில் பழகுபவர், தோழர், தேர்ந்த கொத்தனார் என்று உறுப்பினருக்கு மூன்று படிகள். சேர விரும்புகிறவர் கடவுள் நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். அவரவர் தம் சமய நூலின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கலாம். கூட்டத்தில் சமயத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் வாதம் செய்யக் கூடாது. சகோதர அன்பு, துன்பத்தில் உதவி, உண்மை ஆகிய மூன்றும் அவர்களுடைய அடிப்படைக் கொள்கைகள்.

எல்லாரும் சமம், ஆனால்...

கொள்கை அழகாக இருந்தது. நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை.

இந்தியரை இந்தச் சங்கத்தில் சேர்த்தது நம் தமிழ்நாட்டில்தான் முதலில் நடந்தது. 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உம்ரா உறுப்பினரானார். அவர் அரச குடும்பத்தவர்; கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டப்பட்டவர். சாதாரண இந்தியருக்குக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. 1843இல் பம்பாயில் பார்சிகளையும் முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்வதற்கென்றே தனி லாட்ஜ் தொடங்கப்பட்டது. இந்துக்களின் முறை கடைசியாக வந்தது. பல தெய்வங்களை வணங்குகிறவர்கள் ஒரே பரம்பொருளை நம்புவதாக எப்படி உறுதி கொடுக்க முடியும் என்று சில வெள்ளைக்காரர்கள் வாதிட்டார்கள். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தா என்ற இந்து சுமார் ஒன்பது ஆண்டுகள் விடாமல் போராடி, 1872இல்தான் உறுப்பினரானார். அவரைச் சேர்த்துக்கொண்டது ஆங்கர் அண்டு ஹோப் லாட்ஜ். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நரேந்திரர் நுழைந்ததும் அதே வாசல் வழியாகத்தான்.

அந்த நாளின் கல்கத்தாவையும் நாம் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டம் போட்டு இந்தியர்களைக் கேவலமாகப் பேசினார்கள். கடைசியில் 1884 ஜனவரியில் மசோதாவின் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் சட்டமாக்கினார்கள். அடுத்த மாதம் நரேந்திரர் லாட்ஜில் சேர்கிறார். சாலையில் வெள்ளைக்காரரும் வங்காளியும் சமம் இல்லை. நீதிமன்றத்தில் சமம் இல்லை. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்தியருக்கு இடமே இல்லை. லாட்ஜின் கதவுக்கு உள்ளே மட்டும், கூட்டம் முடியும் வரையில், இருவரும் சகோதரர்கள். படித்த இந்திய இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சங்கம் தேடிய இளைஞர்

நரேந்திரர் 1863 ஜனவரி 12இல் பிறந்தவர். தந்தை விசுவநாத தத்தா கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் புகழ் பெற்ற வழக்கறிஞர். நிறைய சம்பாதித்தார், அதைவிட நிறைய செலவழித்தார். உறவினர்களும் நண்பர்களும் அந்த வீட்டில் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாயார் புவனேசுவரி தேவி. நரேந்திரருக்குப் பாட்டு வரும், குத்துச்சண்டை வரும், மேலைநாட்டுத் தத்துவ நூல்கள் தலைகீழ்ப் பாடம். இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி என்று அழைக்கப்படும் கல்லூரியில் படித்து, 1884இல் பி.ஏ. தேறினார். சட்டமும் படிக்கத் தொடங்கினார்.

அவர் இளமையில் சேர்ந்த அமைப்புகளைப் பட்டியல் போட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். சாதி வேற்றுமையையும் உருவ வழிபாட்டையும் எதிர்த்த பிரம்ம சமாஜத்தில் உறுப்பினர். உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினர். இசைக் குழுக்களில் பாடகர். 1881 முதல் தட்சிணேசுவரத்துக்கு, இராமகிருஷ்ண பரமஹம்சரிடமும் போய்வந்துகொண்டிருந்தார். கடவுளை யாராவது நேரில் கண்டதுண்டா, மனிதர்கள் உண்மையிலேயே சகோதரர்களாக வாழ முடியுமா என்று விடை தேடிக்கொண்டிருந்த மனம் அவருடையது. பிரீமேசன் சங்கமும் அந்தத் தேடலின் ஒரு நிறுத்தம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வழக்கறிஞராகப் போகிற இளைஞருக்கு நீதிபதிகளோடும் வணிகர்களோடும் பழக்கம் கிடைக்கும் இடம் அது என்பதையும் மறுக்க முடியாது. நம் பேச்சு வழக்கில் சொன்னால், கேபிள் கிடைக்கும் இடம்.

ஈசானிய மூலையில் ஒரு கேள்வி

பிரீமேசன் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவருக்கு ஒரு சடங்கு உண்டு. இதன் விவரங்கள் நெடுங்காலமாகவே அச்சில் கிடைக்கின்றன. முதலில் அவரிடமுள்ள காசு, மோதிரம், கடிகாரம் என்று உலோகப் பொருள் அனைத்தையும் வாங்கி வெளியே வைத்துவிடுவார்கள். கண்களைத் துணியால் கட்டுவார்கள். பணக்காரராக இருந்தாலும் ஏழைபோல, வழி தெரியாதவராகத்தான் உள்ளே வர வேண்டும். உறுதிமொழி எடுத்த பிறகு கண்கட்டை அவிழ்ப்பார்கள்.

அதற்குப் பின் அவரை அறையின் வடகிழக்கு மூலையில் நிறுத்துவார்கள். பெரிய கட்டடங்களுக்கு அடிக்கல் வைக்கும் மூலை அது என்பது அவர்கள் மரபு. நம் வீடுகளிலும் ஈசானிய மூலைக்குத் தனி மதிப்பு உண்டல்லவா? அங்கே நிறுத்தி, துன்பப்படுகிறவர்களுக்காக ஏதாவது கொடுக்கும்படி கேட்பார்கள். அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும்தான் வாசலிலேயே வாங்கிவிட்டார்களே! கொடுக்க மனம் இருந்தும் கையில் எதுவும் இல்லாத அந்தச் சங்கடத்தை அவர் எல்லார் முன்னிலையிலும் அனுபவிக்க வேண்டும். பிற்காலத்தில் கையில் காசு இல்லாத ஒரு சகோதரனைக் கண்டால் இந்த நிமிடத்தை நினைத்து உதவ வேண்டும் என்பதே பாடம்.

இந்தச் சடங்கு முடிந்ததும் காசும் கடிகாரமும் திரும்பக் கிடைத்துவிடும். நரேந்திரருடைய வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை. அதே பிப்ரவரி மாத இறுதியில், லாட்ஜில் சேர்ந்த சில நாள்களிலேயே, தந்தை விசுவநாதர் மாரடைப்பால் காலமானார். கணக்குப் பார்த்தபோது வீட்டில் கடன்தான் மிஞ்சியிருந்தது. நேற்றுவரை அந்த வீட்டில் சாப்பிட்ட உறவினர்கள், குடியிருந்த வீட்டுக்கே உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். தாயையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்ற வேண்டிய மூத்த மகன் நரேந்திரர்.

பி.ஏ. பட்டதாரி, காலில் செருப்பில்லாமல் அலுவலகம் அலுவலகமாக வேலை தேடி அலைந்தார். வீட்டில் எல்லாருக்கும் போதுமான உணவு இல்லை என்று தெரிந்தால், வெளியில் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிளம்பிவிடுவார். வசதியாக இருந்த நண்பர்கள் பலருக்கு அவர் பட்டினி கிடப்பது தெரியவே இல்லை. ஏப்ரல் 15ஆம் தேதி லாட்ஜில் அவருக்கு இரண்டாம் படி வழங்கப்பட்டது. மே 20ஆம் தேதி மூன்றாம் படியும் வழங்கப்பட்டது. வெளியே பசியோடு வேலை தேடிய அதே மாதங்களில்தான் உள்ளே அவர் தேர்ந்த கொத்தனார் ஆனார். ஈசானிய மூலையில் சில நிமிடம் நடித்துக் காட்டப்பட்ட வறுமை, வீட்டில் நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கடந்த ஆண்டு என் அப்பா நோய்வாய்ப்பட்டு மூன்று மாதம் லாரி ஓட்ட முடியாமல் இருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் நான்கு கழகங்களில் உறுப்பினர். நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலும் சகோதரர், சகோதரி என்றுதான் அழைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதத்தில் லகாட்டில் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் எந்தக் கழகத்திலும் இல்லாதவர்கள். எதிர்வீட்டு சீன ஆன்ட்டி, பின்வரிசையில் இருக்கும் மக் சிக், முன்பு பாட்டியோடு பால்மரம் வெட்டிய ஓர் ஆயா. கழகங்களை நான் குறை சொல்லவில்லை. யாருக்கும் நான் சொல்லவும் இல்லை, அவர்களுக்குத் தெரியவும் இல்லை. ஆனால் சகோதரத்துவம் என்ற சொல்லை எங்கே தேட வேண்டும் என்று அப்போது ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடுதான் நரேந்திரருடைய கதையின் மீதியைப் படித்தேன்.

அதே ஆண்டில் கேட்ட இன்னொரு பாடம்

வறுமை தாங்காமல் நரேந்திரர் தட்சிணேசுவரத்துக்குப் போனார். குடும்பத்தின் கஷ்டம் தீரக் காளியிடம் வேண்டிக்கொள்ளும்படி குருநாதரைக் கேட்டார். நீயே போய்க் கேள் என்று குருநாதர் அனுப்பிவைத்தார். மூன்று முறை கோயிலுக்குள் போனார். மூன்று முறையும் பணத்தைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. விவேகத்தையும் வைராக்கியத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பினார். இந்தக் கதை பலருக்குத் தெரியும்.

1884இல் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருநாள் இராமகிருஷ்ணர், உயிர்களிடம் கருணை காட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கருணை காட்ட நாம் யார் என்று திடீரென்று அவரே கேட்டார். மனிதனுக்குக் கருணை காட்டக் கூடாது, மனிதனைச் சிவனாகவே எண்ணித் தொண்டு செய்ய வேண்டும் என்றார். கூட்டத்தில் பலர் அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நரேந்திரர் மட்டும் வெளியே வந்து, தமக்கு ஒரு புதிய ஒளி கிடைத்துவிட்டது என்றும், வாய்ப்புக் கிடைத்தால் இதை உலகம் முழுவதும் பரப்பப் போவதாகவும் நண்பர்களிடம் சொன்னார். நடமாடும் மனிதரே கோயில் என்று நம் திருமூலர் சொன்ன கருத்தும் இதுதான்.

லாட்ஜில் கற்ற பாடத்தையும் தட்சிணேசுவரத்தில் கற்ற பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே உதவச் சொல்கின்றன. ஆனால் ஒன்றில், உதவி முதலில் சகோதரனுக்கு. அவனைச் சகோதரன் ஆக்குவது உறுப்பினர் பட்டியல். அந்தப் பட்டியலில் இடம்பெற இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும். உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிக்க வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. மற்றொன்றில் பட்டியலே கிடையாது. பசியோடு நிற்கிறவர் யாரோ, அவரே சிவன். ஒரே ஆண்டில் இந்த இரண்டு பாடங்களையும் நரேந்திரர் கேட்டார். பிற்கால வாழ்க்கையில் அவர் எதைப் பின்பற்றினார் என்பதை அவருடைய செயல்கள் காட்டுகின்றன.

கதவு இல்லாத சாலையில்

1886 ஆகஸ்டில் இராமகிருஷ்ணர் மறைந்தார். நரேந்திரரும் மற்ற இளம் சீடர்களும் வராகநகரில் பாழடைந்த வீடு ஒன்றில் துறவிகளாக வாழத் தொடங்கினார்கள். பின்னர் அவர் கையில் ஒரு தடியும் கமண்டலமுமாக இந்தியா முழுவதும் நடந்தார். அரசர்களின் மாளிகையிலும் தங்கினார். துப்புரவுத் தொழிலாளரின் குடிசையிலும் தங்கினார். காசு வைத்துக்கொள்வதில்லை என்பது அந்தப் பயணத்தின் பெரும்பகுதியில் அவர் கடைப்பிடித்த விதி. வாசலில் உலோகத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் சடங்கை அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தே பார்த்துவிட்டார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து, கடல் நடுவே உள்ள பாறையில் அமர்ந்து நாட்டின் ஏழைகளைப் பற்றிச் சிந்தித்தார்.

அமெரிக்கப் பயணத்துக்கு முதலில் முயற்சி எடுத்தவர்கள் சென்னை இளைஞர்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். தாம் மக்களுக்காகப் போவதால் நடுத்தர மக்களிடமும் பணம் திரட்ட வேண்டும் என்று விவேகானந்தர் கேட்டுக்கொண்டிருந்தார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுத்தார். கேத்ரி மன்னர் பயணத்துக்கு உதவினார்.

1893 மே 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு தாண்டி அந்தக் கப்பல் வந்த ஊர் எது தெரியுமா? நம் பினாங்கு! மலாய் மக்களைப் பற்றியும், ஒரு காலத்தில் இந்தக் கடலைக் கலக்கிய கொள்ளையர்களைப் பற்றியும், சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவைப் பற்றியும் ஜப்பானிலிருந்து சென்னை நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அவர் பினாங்கைக் கடந்துபோன அந்த ஜூன் மாதத்தில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் பெருகிக்கொண்டிருந்தன. தோட்டங்களுக்கு நம் மூதாதையர் ஒப்பந்தக் கூலிகளாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் இறங்கியதும் அதே பினாங்குத் துறைமுகத்தில்தான்.

அமெரிக்காவில் மீண்டும் ஒரு மூடிய கதவு காத்திருந்தது. சர்வ சமய மாநாட்டில் பேச ஓர் அமைப்பின் சான்றுக் கடிதம் வேண்டும். அவரிடம் இல்லை. பெயர் கொடுக்கும் நாளும் முடிந்துவிட்டது. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவருடைய அறிவைக் கண்டு வியந்து பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். சிகாகோவுக்குத் திரும்பியபோது மாநாட்டு முகவரி தொலைந்துவிட்டது. ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் இரவைக் கழித்தார். காலையில் பணக்காரத் தெருவில் வீடு வீடாக உதவி கேட்டார். பல வீடுகளில் அவமானப்படுத்தி விரட்டினார்கள். களைத்துப்போய்ச் சாலையோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தார். அவர் ஹேல் அம்மையார். உணவு கொடுத்து, மாநாட்டு அலுவலகத்துக்கு அவரே அழைத்துச் சென்றார். எந்தச் சங்கத்தின் அடையாளத்தையும் அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 11ஆம் தேதி மேடையேறிய விவேகானந்தர் அமெரிக்க மக்களைச் சகோதரிகள் என்றும் சகோதரர்கள் என்றும் விளித்தார். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அது அழகான மேடைப் பேச்சு என்று மட்டும் நான் முன்பு நினைத்திருந்தேன். அதற்குச் சற்று முன் அதே நகரத்தில் அடைக்கப்பட்ட கதவுகளை நினைத்துப் பார்த்தால்தான் அந்த விளிப்பின் கனம் புரிகிறது.

அவர் கட்டிய சங்கம்

1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம், மதுரை, சென்னை என்று தமிழர்கள் அவரை ஊர் ஊராக வரவேற்றார்கள். அதே ஆண்டு மே 1ஆம் தேதி இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். இதுதான் அவர் கட்டிய சங்கம். அது தொடங்கிய அதே மாதத்திலேயே முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்ச நிவாரணப் பணியில் இறங்கியது. அடுத்து கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. பணம் போதாவிட்டால் மடத்துக்காக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் விவேகானந்தர். அயர்லாந்தில் பிறந்த நிவேதிதா அம்மையார் தெருவில் இறங்கிக் குப்பை கூட்டினார். பெண்களுக்கும் வெளிநாட்டவருக்கும் நோயாளிக்கும் அந்தச் சங்கத்தில் இடம் இருந்தது. 1902 ஜூலை 4ஆம் தேதி, 39 வயதில் விவேகானந்தர் காலமானார்.

அவர் மறைந்து இரண்டே ஆண்டில், 1904இல், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் விவேகானந்தா ஆசிரமத்தை நிறுவினார்கள். அங்கே கல்விப் பணி வளர்ந்தது. நூற்றாண்டு கடந்த அந்தக் கட்டடம் இன்று நாட்டின் மரபுடைமையாகப் பாதுகாக்கப்படுகிறது.

நம் கழகங்களும் நாமும்

பிரீமேசன்களைத் தாழ்த்திப் பேச இதை நான் எழுதவில்லை. இனமும் சமயமும் மனிதரைப் பிரித்திருந்த காலத்தில், ஓர் அறைக்குள்ளாவது எல்லாரையும் ஒரே மட்டத்தில் உட்காரவைத்தது சிறிய காரியம் அல்ல. இன்றும் பல நாடுகளில் அவர்கள் அறப்பணிக்கு நிதி திரட்டுகிறார்கள். ஆனாலும், கதவுக்குள் கற்ற சமத்துவம் கதவைத் தாண்டிச் சாலைக்கு வர வேண்டும். நரேந்திரருடைய வாழ்க்கையில் அது வந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோயின. அப்போது, நம் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சிறு வருமானத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார்கள். அந்தச் சிறு காசுகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. சிபாரிசு செய்ய ஆளில்லாத மக்கள் கட்டிய சங்கம் அது.

இடைநிலைப்பள்ளி மாணவர்களே, உங்களுக்குப் புறப்பாட நடவடிக்கையில் ஏதாவது ஒரு கழகம் இருக்கும். சாரணர் இயக்கம், செம்பிறைச் சங்கம், தமிழ்மொழிக் கழகம் என்று எதுவாகவும் இருக்கலாம். உயர்கல்வி மாணவர்களுக்கு இந்தியர் பண்பாட்டுக் கழகம் முதல் தொழில்முனைவோர் மன்றம் வரை இருக்கின்றன. புள்ளிக்காகச் சேர்வதில் தவறில்லை. நல்ல அறிமுகம் கிடைக்கும் என்று சேர்வதிலும் தவறில்லை. நரேந்திரரும் அப்படிப்பட்ட வயதில், அப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் சேர்ந்தவர்தான். சேர்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சந்தா கட்ட முடியாததால் வராமல் நின்றுபோனவர் யாராவது உண்டா? குழுவில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டவர் யாராவது உண்டா? விருந்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிளம்பும் நரேந்திரர்கள் நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவர்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நாம்தான் போய் விசாரிக்க வேண்டும்.